மலையகத்து பி.டி. சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும் ஒரு நிக்ஸ் ரசிகனின் திறந்த மடல்

அன்புள்ள சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் நியூயோர்க் நிக்ஸ் ஜெயித்துவிட்டது. 2025 மே 17ஆம் திகதி சனிக்கிழமை, நமக்குக் காலை எட்டு மணிபோல. அங்கே இன்னும் வெள்ளிக்கிழமை இரவு. 119க்கு 81. எதிரே நின்றது சும்மா ஓர் அணி இல்லை, போன வருடத்துச் சம்பியன் பொஸ்டன் செல்டிக்ஸ். பிளே ஓஃப் ஆட்டமொன்றில் நிக்ஸ் 38 புள்ளி வித்தியாசத்தில் வெல்வது அவர்களுடைய வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஹட்டன் டவுனுக்குப் போய் சலூனில் சொன்னேன். "அது எந்த டீம்? ஐ.பி.எல்.லில புதுசா?" என்று கேட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஒரு வாரம் நின்றிருந்த ஐ.பி.எல். அன்றைக்குத்தான் மறுபடி தொடங்குகிறது, அவர்கள் கவலை அவர்களுக்கு. சரி, கூடைப்பந்து என்று சொன்னால் குறைந்தபட்சம் என்ன விளையாட்டு என்று தெரிந்தவர்கள் மலையகத்தில் யார் என்று யோசித்தேன். நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். அதனால் இந்த மடல். பாதி சந்தோசம், பாதி விண்ணப்பம். சந்தோசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏன் நிக்ஸ் ரசிகன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதையில் பழைய உடுப்புக் குவியலில் ஒரு நீலச் சட்டை கிடைத்தது. செம்மஞ்சள் எழுத்தில் நியூயோர்க், கீழே 33. கையில்லாத சட்டை. ஹட்டன் குளிருக்கு அதை யார் வாங்குவார்கள்? அதனால் மலிவாகக் கிடைத்தது, ஸ்வெட்டருக்கு மேலே போட்டுக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் 33 யாரென்று தேடிப் பார்த்தேன். பட்ரிக் யூவிங். 1985இலிருந்து 2000 வரை 15 பருவங்கள் நிக்ஸுக்கு ஆடிய மனிதர், ஒரு தடவைகூடச் சம்பியன் ஆகவில்லை. நிக்ஸ் கடைசியாகக் கிண்ணத்தைத் தூக்கியது 1973இல். கிழக்குப் பிரிவின் இறுதிக்குக் கடைசியாக வந்தது 2000இல், நான் அப்போது பிறக்கவேயில்லை. தோற்கிற அணியைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதற்கு நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? நானும் சேர்ந்துகொண்டேன்.

பிளே ஓஃப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 30 அணிகள் ஆளுக்கு 82 ஆட்டம் ஆடி முடித்த பிறகு தேறியவர்களுக்கு இது. ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை, முதலில் நாலு வெல்பவருக்கு அடுத்த கட்டம். ஏழு ஆட்டம் என்றால் எதிரியின் மூச்சுக்கூடப் பழகிவிடும்.

பொஸ்டனோடு முதல் ஆட்டம் நமக்கு மே 6, அதிகாலை நாலரை மணி. உள்ளூராட்சித் தேர்தல் நாள். மூன்றாம் கால்பகுதியில் நிக்ஸ் 20 புள்ளி பின்னால். போனை அணைத்துவிட்டுத் தூங்கலாமா என்றிருந்தது. அம்மா பக்கத்தில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். "தோக்குறதப் பாக்கவா இந்நேரம் எந்திரிச்ச?" என்று ஒரு கேள்வி. பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குள் பொஸ்டன் எறிவதெல்லாம் வளையத்தில் பட்டுத் தெறிக்க ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு அவர்கள் 60 மூன்று புள்ளி எறிகள் எறிந்து 45ஐத் தவறவிட்டார்கள். பிளே ஓஃப் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் இத்தனையை யாரும் தவறவிட்டதில்லை. ஆட்டம் சமநிலையாகி மேலதிக நேரத்துக்குப் போனது. நிக்ஸ் மூன்று புள்ளி முன்னால், கடைசிப் பந்து பொஸ்டனிடம், ஜெய்லன் பிரவுன் கையில். மிக்கால் பிரிட்ஜஸ் அந்தப் பந்தைக் கையிலிருந்து உருவியே எடுத்துவிட்டார். 108க்கு 105.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சித்தப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "என்னாடா, எலெக்சன் ரிசல்ட் அதுக்குள்ள வந்துருச்சா?" மணி ஏழரைகூட ஆகவில்லை. வாக்குச் சாவடி திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது.

இரண்டாவது ஆட்டமும் அதே கதை என்றால் நம்புவீர்களா? மறுபடி 20 புள்ளி பின்னால், மறுபடி துரத்தல், 91க்கு 90. அன்றைக்கு பிரிட்ஜஸ் முதல் மூன்று கால்பகுதிகளிலும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. முட்டை. கடைசிக் கால்பகுதியில் மட்டும் 14. அதோடு நிற்காமல், ஆட்டம் முடிகிற நேரத்தில் பொஸ்டனின் ஜேசன் டேட்டம் வளையத்தை நோக்கிப் பாய்ந்தபோது இந்தத் தடவை அவர் கையிலிருந்தும் பந்தைப் பிடுங்கினார். இந்த பிரிட்ஜஸை வாங்குவதற்காக நிக்ஸ் போன வருடம், புது ஆட்டக்காரர்களை முதற்சுற்றிலேயே தெரிவுசெய்யும் உரிமைகள் ஐந்தைக் கொடுத்தது. பருவம் முழுக்க அமெரிக்காக்காரர்கள், இவருக்கா இவ்வளவு விலை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆட்டம், இரண்டு பறிப்பு. இனி அந்தக் கணக்கை அவர்கள் எடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் தோற்றோம். அது நமக்கு மே 11 பின்னிரவு. விடிந்தபோது கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்த செய்தி வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அன்றைக்கு யாருக்குப் பந்து ஞாபகம்?

நாலாவதில் வென்றோம், 121க்கு 113. ஆனால் அந்த வெற்றியை என்னால் முழுசாகக் கொண்டாட முடியவில்லை. அதுவரை 42 புள்ளி எடுத்திருந்த டேட்டம், மூன்று நிமிடம்போல இருக்கும்போது யாரும் இடிக்காமலே கீழே விழுந்தார். குதிக்கால் தசைநார் அறுந்துவிட்டது. காலைப் பிடித்துக்கொண்டு அவர் புரண்டதைப் பார்த்த பிறகு, எதிரணி என்ன, எந்த அணி என்ன. டேட்டம் இருந்திருந்தால் பொஸ்டன்தான் வென்றிருக்கும் என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: அவர் விழுந்தபோதே நிக்ஸ் முன்னால்தான் இருந்தது, அதற்கு முன் இரண்டு ஆட்டத்தை அவர் இருக்கும்போதேதான் வென்றது. டேட்டம் இல்லாத ஐந்தாவது ஆட்டத்தில் பொஸ்டன் நம்மை 25 புள்ளியால் அடித்து அனுப்பியது என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் ஆறாவது. மடிசன் ஸ்குவெயார் கார்டன் அரங்கில். முதல் பாதி முடியும்போது 64க்கு 37. இரண்டாம் பாதியை நான் பதற்றமில்லாமல் பார்த்தேன், நிக்ஸ் ரசிகனுக்கு அது பழக்கமில்லாத நிலைமை. ரொட்டியையும் சம்பலையும் ருசித்துச் சாப்பிட்டேன். ஜோஷ் ஹார்ட் 10 புள்ளி, 11 ரிபவுண்ட் (தவறித் தெறிக்கிற பந்தைப் பிடிப்பது), புள்ளியாக மாறிய 11 பந்துக் கடத்தல். நிக்ஸில் ஒருவர் பிளே ஓஃபில் இப்படி மூன்றிலும் இரட்டை இலக்கம் எடுத்து 50 வருடத்துக்கு மேலாகிறது. கடைசியாக எடுத்தவர் வோல்ட் ஃபிரேசியர், 1972இல். ஜேலன் பிரன்சன் 23, அனுனோபி 23, பிரிட்ஜஸ் 22, டவுன்ஸ் 21. நாலு பேர், கிட்டத்தட்ட ஒரே அளவு. எனக்கு இந்த வெற்றியில் மிகவும் பிடித்தது இந்த நாலு எண்களும்தான்.

சரி, சந்தோசம் முடிந்தது. இப்போது விண்ணப்பம்.

பிரன்சனின் உயரம் 188 சென்ரிமீற்றர். நம் ஊருக்கு அது உயரம்தான், ஆனால் என்.பி.ஏ.யில் அவர் சின்னப் பையன். 2018இல் அவரை முதற்சுற்றில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் சுற்றில் 33ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். இந்த வருடம், ஆட்டத்தின் கடைசி நெருக்கடி நேரத்தில் சிறந்தவர் என்ற விருது அவருக்குத்தான். ஹார்ட் இரண்டு மீற்றருக்கும் குறைவு. ஆனால் தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களுக்கு நடுவில் புகுந்து, இந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 9.6 ரிபவுண்ட் எடுத்தார். பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இன்னும் பழைய ஆளைச் சொல்வதென்றால் மக்ஸி போக்ஸ். 160 சென்ரிமீற்றர், என்.பி.ஏ.யில் 14 பருவங்கள். 160 என்பது நம் தோட்டத்து ஆண்கள் பலரின் உயரம், சேர்.

நான் படித்த பாடசாலையின் பெயர் வேண்டாம். அங்கே சுவரில் ஒரு சோக்குக் கோடு இருந்தது. கரப்பந்தாட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் வரிசையாக அந்தச் சுவரோரம் நிற்கச் சொல்வார்கள். கோட்டுக்கு மேலே தலை போனால் இந்தப் பக்கம், போகாவிட்டால் அந்தப் பக்கம். பந்தை யாரும் கையில் கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் போனவர்களில் என் கூட்டாளி ஒருவன் இருந்தான். எந்தப் பந்தையும் கீழே விழ விடமாட்டான், சிமெந்துத் தரையிலும் பாய்ந்து எடுப்பான். அவன் வேலை கடைசிவரை தண்ணீர்ப் போத்தல் தூக்குவதாகத்தான் இருந்தது.

கோடு போட்டவர் கெட்டவர் இல்லை. வலயமட்டப் போட்டிக்கு இரண்டு கிழமைதான் இருக்கும், அதற்குள் ஆள் பொறுக்க அவருக்குத் தெரிந்த குறுக்குவழி அது. ஆனால் அந்தக் கோடு எதை அளக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 2016இல் எடுத்த நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப் பகுதியை மட்டும் எடுத்தால் 31.7 வீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. அன்று ஐந்து வயதுக்குக் கீழே இருந்த அந்தப் பிள்ளைகள் இன்று உங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள், ஆறாம் ஏழாம் தரங்களிலும் எட்டாம் தரத்திலும். அம்மாவுக்கு இரத்தச்சோகை, பிறக்கும்போதே எடை குறைவு, அப்புறம் ரொட்டியும் தேத்தண்ணியும். அந்தச் சோக்குக் கோடு அந்தப் பிள்ளையின் திறமையை அளக்கவில்லை. அதன் வீட்டு அடுப்பை அளக்கிறது. வீட்டில் கிடைக்காததற்குப் பாடசாலையிலும் ஒரு தண்டனை எதற்கு?

உயரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கத்தை நமக்கெல்லாம் தெரியும். இரண்டு மீற்றருக்கு மேல் உயரமான அந்த அக்கா வளையத்துக்குக் கீழே நின்றபோது ஆசியாவில் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணம் இலங்கைக்கு வந்தபோது அணியில் அவர் இருந்தார். ஆனால் அந்தப் பந்து அவர் கைக்கு எப்படி வந்தது? நடுவில் நின்று குனிந்து, வளைந்து, இரண்டு பேருக்கு இடையால் அதைக் கடத்திக் கொடுத்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சுவரில் கோடு போட்டால் யாருமே மிஞ்ச மாட்டார்கள்.

நிக்ஸின் வெற்றிக்கு இன்னொரு காரணமும் உண்டு, இதுதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது. பிரன்சன், ஹார்ட், பிரிட்ஜஸ் மூன்று பேரும் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். 2016இல் அந்தப் பல்கலைக்கழகம் தேசியச் சம்பியனானபோது மூன்று பேரும் அந்த அணியில் இருந்தார்கள். முதலில் கைகோர்த்து ஒன்பது வருடத்துக்கு மேலாகிறது. இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைப் பாருங்கள். பிரன்சன் ஒரு பக்கம் திரும்பும்போதே பிரிட்ஜஸ் எங்கே போய் நிற்க வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்க்காமலே போய் நிற்கிறார். நம் பாடசாலை அணிகள் இரண்டு கிழமைக்கு முன்னால் சேர்ந்து, கோட்டமட்டத்திலோ வலயமட்டத்திலோ தோற்று, அடுத்த நாள் கலைந்துவிடுகின்றன. தோற்றது பிள்ளைகள் என்று பேச்சு வரும். அவர்களுக்கு ஒருவர் பெயரை ஒருவர் பழகிக்கொள்ளவே நேரம் காணாது.

ஆகவே ஒரே அணியை வருடம் முழுக்க விளையாட விடுங்கள். கிழமைக்கு ஒரு பின்னேரம் போதும். போட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இடம் இல்லை, வளையம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். கண்டியிலும் கொழும்பிலும் பெரிய பாடசாலைகளில் உள்ளதுபோல 28க்கு 15 மீற்றர் கொங்கிரீட் தளம் நமக்குக் கனவுதான், மலையில் அவ்வளவு சமதரை கண்டுபிடிப்பதே ஒரு வேலை. ஆனால் மூன்றுக்கு மூன்று என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அதற்கும் பதக்கம் கொடுக்கிறார்கள். அரைத் தளம், ஒரே வளையம், பத்து நிமிடம், அல்லது யார் முதலில் 21 எடுக்கிறாரோ அவர். காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் நிற்கிற சிமெந்து முற்றம் பல பாடசாலைகளில் அந்த அளவுக்குக் கிட்டத்தட்டப் போதும்.

வளையம்? அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெண் பிள்ளைகளின் வலைப்பந்தாட்டக் கம்பம். அதன் உயரம் 3.05 மீற்றர், என்.பி.ஏ. வளையத்தின் உயரமும் அதே 3.05 மீற்றர். வலைப்பந்தாட்ட வளையத்தின் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர், கூடைப்பந்துக்கு 45. பின்பலகை கிடையாது. கஷ்டம்தான், ஆனால் சின்ன வளையத்தில் போட்டுப் பழகிய பிள்ளைக்குப் பெரிய வளையம் குளம் மாதிரித் தெரியும். பையன்கள் "அது பொம்பளப் புள்ளைங்க கம்பம்" என்று நெளிவார்கள். ஒரு பின்னேரம் வலைப்பந்தாட்டம் ஆடுகிற பிள்ளைகளோடு எறிந்து பார்க்கச் சொல்லுங்கள், நெளிவது நின்றுவிடும். எங்கள் பக்கத்துப் பிரச்சினை என்னவென்றால், போட்டி முடிந்த மறுநாள் அந்தக் கம்பத்தைக் கழற்றி ஸ்டோர் ரூமுக்குள் உடைந்த மேசைகளுக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் எடுக்கும்போது அடி துருப்பிடித்திருக்கும். வெளியே இருந்தால் மழையில் கெட்டுவிடுமாம். நம் மழையைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் உள்ளே வைத்தும்தான் துருப்பிடிக்கிறது. வெளியே துருப்பிடித்தால் பிள்ளைகளாவது விளையாடியிருப்பார்கள்.

இன்னொரு சின்ன விசயம். முற்றத்தின் கீழ்ப்பக்கம் ஒரு பழைய கரப்பந்தாட்ட வலையைக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தவறுகிற ஒவ்வொரு பந்தும் தேயிலைக்குள் உருண்டு போகும். மே, ஜூனில் அதைத் தேடிப் போகிற பிள்ளை பந்தோடும் நாலு அட்டையோடும்தான் திரும்பி வரும்.

முடிந்தால் ஆறாவது ஆட்டத்தின் முதல் பாதியை மட்டும் உங்கள் பிள்ளைகளுக்குப் போனிலாவது போட்டுக் காட்டுங்கள். பந்து கையில் இல்லாதபோது நிக்ஸ்காரர்கள் ஐந்து பேரும் கைகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது கிழக்குப் பிரிவின் இறுதி, இந்தியானா பேசர்ஸோடு. நமக்கு வியாழக்கிழமை காலை ஐந்தரை. இந்தியானா விடாமல் ஓடுகிற அணி, எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் இன்னும் மூன்று நாள் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் எந்தப் பாடசாலையிலாவது கம்பத்தை வெளியே எடுப்பதாக இருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். என்னிடம் ஒரு பந்து இருக்கிறது, காற்றும் நிற்கிறது. பின்பலகைக்குப் பலகை கொடுக்க ஒரு மரக்காலைக்காரரிடம் பேசிவிட்டேன், வெல்டிங் செய்ய ஆளும் தெரியும். ஞாயிறு பின்னேரங்களில் நான் சும்மாதான் இருக்கிறேன். ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் கேட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு நிக்ஸ் ரசிகன்